ஐப்பசி மழைக்கு முன் தொட்டியை நிரப்புங்கள்

திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் பக்கம் வயல்களில் சம்பா வேலை மும்முரமாக நடக்கும் புரட்டாசி இது. கொல்லையில் தங்கமீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்க விரும்புகிறவர்கள் தொட்டி வைக்க வேண்டிய மாதமும் இதுதான். கடைகளில் கோல்டு ஃபிஷ் என்று கேட்டால் கிடைக்கும் இந்த மீனுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தொடங்கினால், சூடேறிய தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் தவித்துப்போகும். இப்போது தொடங்கினால் மழையும் பனியும் உள்ள மாதங்கள் முழுவதும் மீனுக்குச் சாதகம். அடுத்த கோடை வருவதற்குள் தொட்டியும் நிலைப்பட்டிருக்கும்.

அக்வாபோனிக்ஸ் என்ற இந்த முறையில் மண் கிடையாது; செடி ஜல்லிப் பாத்தியில் நிற்கும், தொட்டித் தண்ணீரைப் பம்ப் அதற்கு ஏற்றும். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அது தேங்கினால் மீனுக்கே நஞ்சு. ஜல்லியில் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் செடிக்கு உரம். அதைச் செடி உறிஞ்சிக்கொண்ட பின் தண்ணீர் மறுபடி மீனிடம் போகிறது. மீனும் பயிரும் ஒரே தண்ணீரில் என்பது புதிதல்ல. நெல் வயலிலேயே மீன் வளர்ப்பது சீனாவின் சிங்தியன் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம்; ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2005-இல் அதை உலக வேளாண் மரபாக அறிவித்தது. தங்கமீனும் சீனத்தில் கெண்டை இனத்திலிருந்து பிறந்ததுதான்.

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவிடுவதுதான் பெரும்பாலான தொட்டிகளைக் கெடுக்கிறது. பாக்டீரியா இன்னும் உருவாகாத தண்ணீரில் விடப்பட்ட மீன் தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் சாகும். முதலில் தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடுங்கள். ஏற்கெனவே மீன் வளர்ப்பவரிடமிருந்து ஒரு கை பழைய ஜல்லி வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். வண்ணமீன் கடைகளில் விற்கும் சோதனைக் குப்பிகளில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிய வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இன்று தண்ணீர் விட்டால் ஐப்பசியில் மீன் விடலாம்.

அளவு விஷயத்தில் ஆசை கூடாது. கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்று உணவு வேளாண்மை அமைப்பின் 2014-ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. அதாவது சதுர அடிக்குச் சுமார் 4 கிராம். 20 கிராம் எடையுள்ள தங்கமீன்கள் இருபது இருந்தால் மொத்தம் 400 கிராம். உடல் எடையில் 2 விழுக்காடு தீவனம் போட்டால் 8 கிராம். அது இரண்டு சதுர அடிக் கீரைக்குத்தான் போதும். மீன்கள் 50 கிராமுக்கு வளர்ந்தபின் அதே இருபது மீன் ஐந்து சதுர அடியைத் தாங்கும். ஆகவே 300 லிட்டர் தொட்டியும் ஐந்து சதுர அடியில் ஓர் அடி ஆழமுள்ள ஜல்லிப் பாத்தியும் வையுங்கள். முதலில் அதில் பாதிக்கும் குறைவாகவே நடுங்கள். மீதி ஜல்லி பாக்டீரியாவின் வீடாக இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும் என்பதால் பழைய மாடியில் ஏற்ற வேண்டாம். கொல்லைத் தரையே நல்லது.

ஜல்லி கருங்கல்லாக, முக்கால் அங்குல அளவில் இருக்கட்டும். அதன்மேல் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அதைக் காட்டும் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சாகும் அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். தண்ணீர் 7-ஐ ஒட்டியே நிற்பது மீனுக்கும் செடிக்கும் பாக்டீரியாவுக்கும் பொதுவாக ஒத்துவரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள்.

வாய்க்கால் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். சம்பாவுக்கு மருந்தடிக்கும் காலம் இது. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். வீட்டுக்குள் அடிக்கும் கொசு ஸ்பிரேயிலும் இருப்பது அந்த வகைதான், தொட்டியருகே அடிக்காதீர்கள். செடிக்கு நல்லதென்று பஞ்சகவ்யத்தையோ சாணிக் கரைசலையோ தொட்டியில் ஊற்றினால் அமோனியா ஒரேயடியாக ஏறும்.

மழை தொடங்குமுன் செய்ய வேண்டியது கூரை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அடைமழை நேராகத் தொட்டியில் இறங்கினால் மீன் வழிந்து வெளியே போவது ஒரு பக்கம். மழைநீரில் கார உப்பு இல்லாததால் பி.எச். சரிந்து பாக்டீரியா சோர்ந்துவிடுவது இன்னொரு பக்கம். ஒரு வலைப்பையில் கிளிஞ்சலைக் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். தண்ணீர் புளிக்கும்போது அது மெல்லக் கரைந்து சமன்செய்யும்.

அதைவிடப் பெரிய கவலை கரண்ட். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதிக் கிராமங்கள் பலவற்றை வாரக்கணக்கில் இருட்டில் வைத்தது. பம்ப் நின்ற தொட்டியில் மீன் நெடுநேரம் தாங்காது. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி, ஓடவிட்டுப் பார்த்து வையுங்கள். கரண்ட் போனதும் தீவனத்தை நிறுத்துங்கள். மீன் சில நாள் பட்டினி தாங்கும், காற்றில்லாமல் தாங்காது. ஏர் பம்பும் கைவிட்டால் செம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியதுதான்.

மீன் வாங்கும்போது ஒற்றை வால் கொண்ட சாதாரண வகையையோ காமெட்டையோ கேளுங்கள். தலை புடைத்த ஒராண்டாவும் கண் பிதுங்கிய கறுப்பு மீனும் அழகுதான், ஆனால் முதல் தொட்டிக்கு அவை நலிந்தவை. புதுமீனை இரண்டு வாரம் தனி வாளியில் காற்றோட்டத்துடன் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றிக் கவனியுங்கள். உப்பு வைத்தியம் தேவைப்பட்டால் அந்த வாளியோடு முடியட்டும். தொட்டியில் உப்புப் போட்டால் செடி கருகும்.

செடிகளில் புதினா, பாலக், பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை ஆகியவற்றை முதலில் வையுங்கள். மிளகாயும் தக்காளியும் தை பிறந்தபின் போதும், அவற்றுக்குத் தீவனக் கணக்கு கூடுதல். முள்ளங்கி ஜல்லிக்குள் கோணிப்போகும். இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் அது குறைவு என்பதால் உரக்கடையில் கிலேட் செய்த இரும்பு வாங்கிச் சிறிது கரைத்துவிடுங்கள்.

பாத்தியில் தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழேயே நிற்கட்டும். மேலே தேங்கினால் கொசு முட்டையிடும். தொட்டிக்குள் விழும் கொசுப்புழுவைத் தங்கமீனே தின்றுவிடும். பயிர்ச் சந்தேகங்களுக்கு நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மீனைப் பற்றியென்றால் தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டையில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம். போகும்போது உங்கள் அடிபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள். அந்தத் தண்ணீரின் தன்மை தெரிந்தபின் மற்றதை வாங்கலாம்.