எட்டாவது ஆள் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்சிவ் லைன் என்கிற தற்காப்பு முன்வரிசையில் பெரும்பாலும் நான்கு பேர்தான் நிற்கிறார்கள். அப்படியிருக்க, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டு தவறாமல் அந்த இடத்துக்கே ஆள் எடுப்பது வீண் இல்லையா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அணியில் மொத்தம் 53 பேர். ஆட்ட நாளில் அதிகபட்சம் 48 பேர் மட்டுமே சீருடை அணியலாம். அதில் எட்டு இடத்தை முன்வரிசைக்கே கொடுத்தால் வேறெங்கோ குறைந்தே தீரும். ஆனாலும் அது வீண் இல்லை என்பதே என் கட்சி. ஐந்தாவது ஆளிலிருந்து எட்டாவது ஆள் வரை உள்ளவர்களை, யாருக்காவது அடிபட்டால் இறக்குவதற்கென்று வைத்திருக்கும் மாற்று ஆட்களாக நாம் நினைக்கிறோம். உண்மையில், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை வெளியே கூப்பிட்டு உட்கார வைப்பதற்காகவே அவர்கள் இருக்கிறார்கள்.

இது புரிய, எதிரெதிரே நிற்கும் இரண்டு வரிசைகளின் வேலையையும் ஒப்பிட்டுப் பார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேரும் ஆட்டம் முழுக்க மாறுவதில்லை. ஐவரும் ஒரே உடம்பு போல அசைய வேண்டும் என்பதால், அடிக்கடி ஆள் மாற்றினால் அந்த இசைவு கெட்டுவிடும். போதாததற்கு, பந்து எந்தக் கணத்தில் கிளம்பும் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரியும். தாக்கிப் போகிற முன்வரிசைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. பந்து அசைந்ததைப் பார்த்த பிறகே பாய வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிய எடுத்துக்கொள்ளும் இரண்டரை, மூன்று விநாடிக்குள் அவரை எட்ட வேண்டும். ஈகிள்ஸின் ஜோர்டன் டேவிஸ் 2022 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 341 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 155 கிலோ எடை இருந்தார். 40 யார்டை 4.78 விநாடியில் ஓடினார். அத்தனை கனத்தை அத்தனை வேகத்தில் கிளப்புகிற உடம்பு, அதையே ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை செய்யாது. வேகப்பந்து வீச்சாளரை ஐந்தாறு ஓவருக்குப் பிறகு கேப்டன் ஓய்வுக்கு அனுப்புவதும் இதனால்தான். மாறாமல் நிற்கும் ஐவர் நான்காவது குவார்ட்டரில் களைத்திருக்கும்போது, எதிரே வருகிறவர் களைக்காதவராக இருந்தால் எடை, திறமை எல்லாவற்றையும் தாண்டிய சாதகம் அது.

2025 பிப்ரவரி 9 அன்று நடந்த 59ஆவது சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் இதைப் பார்க்கலாம். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை ஈகிள்ஸ் ஆறு முறை பந்தோடு சாய்த்தது; இதைத்தான் சாக் என்பார்கள். கூடுதல் ஆளை அனுப்பித் தாக்கும் பிளிட்ஸைத் தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாங்கியோ ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. நான்கு பேரே போதுமானதால், மீதி ஏழு பேரும் பின்னால் நின்று பாஸ் போகும் வழிகளை அடைத்தார்கள். இரண்டாவது குவார்ட்டரில் அடுத்தடுத்து இரண்டு சாக். அதனால் மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், சீஃப்ஸ் 16 யார்டு போக வேண்டிய கட்டாயம். மஹோம்ஸ் அவசரமாக எறிந்த பந்தைக் கூப்பர் டிஜீன் பிடித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். நான்காவது குவார்ட்டரில் மில்டன் வில்லியம்ஸ் மஹோம்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே கைப்பற்றினார். முடிவு 40-22. அன்று யார் யார் என்று பார்: இரண்டரை சாக் எடுத்த ஜோஷ் ஸ்வெட் 2018இன் நான்காவது சுற்றுத் தேர்வு, இரண்டு எடுத்த வில்லியம்ஸ் 2021இன் மூன்றாவது சுற்று. முதல் சுற்றில் வந்த பெரிய பெயரான ஜேலன் கார்ட்டருக்கு ஒரு சாக்கும் இல்லை. ஆனால் அவரைத் தடுக்க எதிரணி இரண்டு பேரை ஒதுக்க நேர்ந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு வழி திறக்கும். அந்த வழியில் புகத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் கார்ட்டரின் திறமைக்கே விலை. சீஃப்ஸின் பக்கத்தையும் கவனி. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவரில் இடது டாக்கிள் இடத்துக்குச் சரியான ஆள் அமையாமல், கார்டாக ஆடிப் பழகிய ஜோ துனியை அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

இதையெல்லாம் விட ஒரே ஒரு மகா வீரனைப் பிடித்துப் பணத்தை அவன்மேல் கொட்டலாமே என்று நீ கேட்பாய்; லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸின் ஆரன் டொனால்டைச் சுட்டிக் காட்டுவாய். 2018இல் தற்காப்பு வரிசையின் உள் டாக்கிளாக நின்று 20.5 சாக் எடுத்தவர் அவர்; பந்து கிளம்பும் ஏறக்குறைய எல்லா முறையும் களத்தில் இருந்தவர். சரிதான். ஆனால் அந்த டொனால்டை வைத்திருந்த ராம்ஸே 2021 நவம்பரில் டென்வர் அணிக்கு இரண்டாவது, மூன்றாவது சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து வான் மில்லரை வாங்கியது. அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் ராம்ஸ் எடுத்த ஏழு சாக்கில் டொனால்டுக்கு இரண்டு, மில்லருக்கு இரண்டு. ஒருவரை மட்டும் நம்பினால் வரும் ஆபத்தை 2024இல் டெட்ராய்ட் அணி பார்த்தது. ஐந்தே ஆட்டங்களில் 7.5 சாக் எடுத்திருந்த எய்டன் ஹட்சின்சனுக்கு அக்டோபரில் கால் எலும்பு முறிந்தது. அவசரமாக இன்னொருவரை வாங்கிப் போட்டார்கள். 15-2 என்று பருவத்தை முடித்த அணி, சொந்த மைதானத்தில் வாஷிங்டனிடம் 45 புள்ளிகளைக் கொடுத்து வெளியேறியது. தற்காப்பில் வேறு பலருக்கும் அடிபட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஈகிள்ஸின் சொந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 2022 பருவத்தில் அந்த அணி 70 சாக் எடுத்தது. 1984இல் சிகாகோ பேர்ஸ் எடுத்த 72க்கு இரண்டே குறைவு. நான்கு பேர் ஆளுக்குப் பத்துக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் இறுதி ஆட்டத்தில், இதே மஹோம்ஸுக்கு எதிராக, ஒரு சாக்கும் இல்லை. 38-35 என்று தோற்றார்கள். வழுக்கிய புல்தரையைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அதில் ஒளிந்துகொள்ள மாட்டேன். பந்து கையை விட்டுச் சீக்கிரம் போய்விட்டால் எத்தனை புதிய கால்கள் பாய்ந்தும் பயனில்லை. முன்வரிசையில் ஆட்களின் ஆழம் வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. எத்தனை ஆட்டங்களில், எத்தனை நேரம் வரை வாய்ப்பு உயிரோடு இருக்கிறது என்பதையே அது கூட்டுகிறது. 2018 பிப்ரவரியில் ஈகிள்ஸ் வென்ற சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 505 யார்டு எறிந்தார்; ஆட்டம் முழுக்க அவர்மேல் விழுந்தது ஒரே சாக். அது வந்தது கடைசி இரண்டேகால் நிமிடம் இருந்தபோது. பிராண்டன் கிரகாம் தட்டிய பந்தைப் புதுமுகமான டெரெக் பார்னெட் எடுத்தார். அந்தப் பருவம் முழுக்க எட்டுப் பேர் அளவுக்கு மாறி மாறி ஆடிய முன்வரிசை அது. எதிரணி இடைவெளி விடாமல் வேகமாக ஆடினால் ஆளை மாற்றவே முடியாதே என்பாய். எதிரணி ஆளை மாற்றாதவரை அது உண்மைதான். அதனால்தான் எதிரணியின் முந்தைய தாக்குதல் தொடரிலேயே ஓய்வெடுத்தவர்கள் அப்போது களத்தில் இருக்க வேண்டும்.

இனி இப்படி ஆழமான முன்வரிசையைக் கட்டுவது எப்படி என்பது. கடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்காதே. ஜெட்ஸ் அணியில் பகுதி நேரம் ஆடியே 2023இல் பத்து சாக் எடுத்த பிரைஸ் ஹஃபுக்கு ஈகிள்ஸ் 2024இல் மூன்று ஆண்டுக்கு 51 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. பருவம் முழுக்க இரண்டரை சாக்தான் வந்தது, அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் அவருக்குச் சீருடையே இல்லை. மாறாக, டிராஃப்டில் வரும் இளைஞனுக்கு நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளம். டேவிஸ் 2022, கார்ட்டரும் நோலன் ஸ்மித்தும் 2023, ஜேலிக்ஸ் ஹன்ட் 2024 என்று ஆண்டுக்காண்டு எடுத்ததால், ஒப்பந்தங்கள் ஒரே சமயத்தில் முடிவதில்லை. 2024இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 255.4 மில்லியன் டாலர். அதற்குள் எட்டு நல்லவர்களை வைத்திருக்க வேறு வழியில்லை. வென்ற மறுமாதமே வில்லியம்ஸ் நான்கு ஆண்டுக்கு 104 மில்லியன் டாலருக்கு நியூ இங்கிலாந்துக்குப் போனார், ஸ்வெட் அரிசோனாவுக்குப் போனார். இப்படி ஆட்களை இழக்கும் அணிக்கு லீக் ஈட்டுத் தேர்வுகளும் தருவதுண்டு. போனவர்களின் இடத்துக்கு அடுத்தவர் ஏற்கெனவே இரண்டு ஆண்டாகப் பயிற்சியில் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள கணக்கு.

ஆகவே அடுத்த டிராஃப்டில் ஏற்கெனவே ஆள் இருக்கும் இடத்துக்கு ஓர் அணி மறுபடியும் முன்வரிசைக்காரரை எடுத்தால் உடனே சலித்துக்கொள்ளாதே. அவர் இந்த ஆண்டு யாருடைய மூச்சைக் காப்பாற்றப் போகிறார், இரண்டு ஆண்டு கழித்து யாருடைய இடத்துக்கு வரப் போகிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார். இரண்டுக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல தேர்வு. ஒன்றுக்கும் கிடைக்காவிட்டால், பந்தைப் பிடிக்கும் ரிசீவரை எடுத்திருக்கலாம் என்று நீ சொன்னால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்