கொடி நாளுக்கு ஒரு கடிதம்

டிசம்பர் 7. படைவீரர் கொடி நாள். 1949-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறோம். அன்று சட்டையில் குத்திக்கொள்ளச் சின்னக் கொடி தருவார்கள். அதில் மூன்று நிறம். சிவப்பு தரைப்படைக்கு. கருநீலம் கடற்படைக்கு. வெளிர் நீலம் விமானப் படைக்கு. அன்று சேரும் பணம் முன்னாள் வீரர்களுக்கும், இறந்துபோன வீரர்களின் குடும்பங்களுக்கும் உதவுகிறது.

கோலார் தங்கவயலில் ஒரு மாலை வகுப்பு. கொடி நாளுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. எல்லாரும் வாழ்த்து அட்டை செய்தார்கள். அட்டை கடையில் வாங்கியது அல்ல. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம்தான்.

அங்கே படிக்கும் ஓர் அம்மாவின் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். கணவர் சுரங்கத் தொழிலாளி. 2001-இல் சுரங்கம் மூடியது. வீட்டில் வருமானம் இல்லை. மகன் வளர்ந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தான். அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. அவன் புறப்பட்ட அன்று அவர் வாசலுக்கு வரவே இல்லை.

இதுவரை அவர் கடிதங்களைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதினாள். "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதுவாள். மனதில் இருப்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? போனில் பேசலாம். மலை மேல் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்தால் அழுகை வந்துவிடும்.

அம்மா அட்டையில் தேசியக் கொடி வரைந்தார். வெள்ளைப் பட்டையில் மகன் பெயரை எழுதப் போனார். ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வகுப்புக்கு வந்திருந்தார். அவர் தடுத்தார்.

"கொடி மேல் எழுதக் கூடாதும்மா. சட்டத்தில் இருக்கிறது. பெயரைக் கீழே எழுதுங்கள்."

"ஜிகினா ஒட்டலாமா, ஐயா?"

"வேண்டாம். வழியில் உதிர்ந்துவிடும். குண்டூசியும் குத்தாதீர்கள். உள்ளே பணம் வைக்காதீர்கள்."

பிறகு விலாசம். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. கீழே '56 ஏ.பி.ஓ.' பின்கோடு 9-இல் தொடங்கியது.

"ஊர்ப் பெயரே இல்லையே! எப்படிப் போய்ச் சேரும்?"

"56 என்றால் முதலில் டில்லிக்குப் போகும். 99 என்றால் கொல்கத்தாவுக்குப் போகும். அங்கே ராணுவ அஞ்சல்காரர்கள் பிரித்து அனுப்புவார்கள். எந்தப் படை எங்கே இருக்கிறது என்று உறையைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. நீங்களும் 'எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய்' என்று கேட்டு எழுதாதீர்கள்."

"கடன் விஷயம் எழுதலாமா?"

ஹவில்தார் கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்கள். மறைத்தால் அவன் இன்னும் கவலைப்படுவான். ஆனால் அதை மட்டுமே எழுதாதீர்கள்."

ஒரு சிறுவன் அவரிடம், "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய் நின்றார். முன்னாள் வீரரிடம் இதைக் கேட்கக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த தெருவில் ஓர் அக்கா. எல்லையில் கணவரை இழந்தவர். அவருக்கும் ஓர் அட்டை செய்தார்கள். ஒருத்தி அதில் 'வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டாள். நல்ல வேளை, கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். வேறு அட்டை எடுத்தார்கள். அதில் கணவரின் பெயரை எழுதி, 'அவரை நினைத்துக்கொள்கிறோம்' என்று மட்டும் எழுதினார்கள். அக்கா அதை இரண்டு முறை படித்தார்.

"எல்லாரும் தியாகி மனைவி என்கிறார்கள். அவர் பெயரை யாரும் சொல்வதே இல்லை" என்றார்.

மகனுக்கு எழுதும் அம்மா கடைசியாக முடித்தார். "வாசல் என்பதற்கு எந்த ல?" என்று மட்டும் கேட்டார். எழுதியதை யாருக்கும் காட்டவில்லை. அவரே பசை தடவி உறையை ஒட்டினார். ஸ்டாம்பும் அவரே ஒட்டினார். மறுநாள் காலையில் அவரே போய்ப் பெட்டியில் போட்டார்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் யார்? அவருக்கு நான்கு வரி எழுதுங்கள்.