ஊழியத்தில் போட்டியும் பெருமையும்

வேத பகுதி: யோவான் 3:22-30, 1 கொரிந்தியர் 3:1-9, பிலிப்பியர் 1:15-18

திருவனந்தபுரம் நகரின் தென்பகுதியில் கரமனையை ஒட்டி ஓடுகிறது கரமனை ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, அருவிக்கரை அணையில் நகரத்தாருக்குக் குடிநீர் அளித்து இங்கே வருகிறது. நகரின் மற்றோர் ஓடையாகிய கிள்ளியாறு, கடலை எட்டும் முன்பே இதனுடன் கலந்துவிடுகிறது. கலந்தபின் கிள்ளியின் பெயர் இல்லை, தண்ணீர் உண்டு. கோவளத்துக்கு அருகே கடலில் சேர்ந்ததும் கரமனையின் பெயரும் இல்லை. சிறிய ஆறு தன்னில் மறைந்ததென்று பெரிய ஆறு மேன்மைபாராட்ட இடமில்லை. கர்த்தருடைய ஊழியர்களுக்கும் இதுவே நியதி.

1. போட்டி பிறக்கும் இடம்

யோவான் ஸ்நானகரிடம் அவருடைய சீஷர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்தார்கள்: அவர் சாட்சி கொடுத்த இயேசுவிடமே இப்பொழுது எல்லாரும் போகிறார்கள். கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்தப் பொறாமை யோவானின் உள்ளத்தில் பிறக்கவில்லை. அவரை நேசித்தவர்களின் வாயில் பிறந்தது. இன்றும் அப்படியே. "அந்த ஐயா கூட்டத்தில் உட்கார இடமில்லையாம்" என்று ஒரு விசுவாசி சொல்லும் ஒரு வார்த்தை, நல்ல ஊழியரின் இரவு உறக்கத்தையும் கெடுத்துவிடும். யோவானோ தம்மை மணவாளனுடைய தோழனாகவே கண்டார். மணமகளின் கண்களைத் தன்பக்கம் திருப்பப் பார்ப்பவன் தோழன் அல்லவே.

2. பாரம் மந்தையின்மேல் விழும்

கொரிந்து சபையில் சிலர் பவுலின் பெயரையும், சிலர் அப்பொல்லோவின் பெயரையும் கட்சிக்கொடியாக்கினார்கள். ஒருவர் நட்டவர், மற்றவர் நீர் பாய்ச்சியவர். விளையச் செய்தவர் தேவனே என்று பவுல் அவர்களுக்கு உணர்த்தினார்.

கரமனைப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் சாலை நாகர்கோவிலை அடைகிறது. அதற்கு அப்பால் திருநெல்வேலிச் சீமை. அங்கே 1820 முதல் உழைத்தவர் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். தமிழ் இலக்கணம் எழுதினார். ஏராளமான கிராமச் சபைகள் உருவாகக் காரணமானார். உபதேசியார்களைக் குருப்பட்டத்துக்கு ஏற்படுத்தும் முறையையும் ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கையும் குறித்து, அவருக்கும் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். சங்கத்துக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. 1835ஆம் ஆண்டில் அவர் நீக்கப்பட்டார். வெளியேறியவரை உபதேசியார் பலர் மீண்டும் அழைக்க, அதே ஆண்டில் திரும்பி வந்தார். ஒரே சீமையில் இரண்டு அணிகள் நின்றன.

இதைப் பெருமை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது; இரு தரப்பிலும் மனச்சாட்சி இருந்தது. ஆயினும் அந்த வழக்கின் நுணுக்கம் அறியாத ஏழை விசுவாசிகள் 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1838 ஜூன் மாதத்தில் ரேனியஸ் மரித்தார். அதன்பின் அவருடைய உடன் ஊழியர்கள் சங்கத்துடன் மறுபடியும் இணைந்தார்கள். மரணத்துக்குப் பின் கூடிய ஒப்புரவு அதற்கு முன்பே கூடியிருந்தால், எத்தனை கண்ணீர் மிஞ்சியிருக்கும்!

3. பெருமையை மேற்கொள்ளும் வழி

பவுல் சிறையில் இருந்தபோது, சிலர் அவருக்கு உபத்திரவம் கூட்டும் நோக்கத்தோடே பிரசங்கித்தார்கள். அவரோ கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி தானாக வருவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும்.

முதலாவது, அருகில் ஊழியம் செய்பவருக்காகப் பெயர் சொல்லி அனுதினமும் ஜெபிக்கவேண்டும். ஒருவருக்காக உண்மையாய் ஜெபித்துக்கொண்டே அவர் வீழ்ச்சியை விரும்புவது கடினம்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பேச வருகிறவரை அங்கேயே நிறுத்தவேண்டும். தன்னைப் புகழ்ந்து பிறரைத் தாழ்த்தும் பேச்சைக் கேட்டுப் புன்னகைப்பதும் அதில் பங்கு கொள்வதே.

மூன்றாவது, வேறு சபைக்குச் சென்ற குடும்பத்தைக் குறைகூறாமல் ஆசீர்வதித்து அனுப்பவேண்டும். ஆடுகள் மேய்ப்பனுடையவை, கூலிக்கு நிற்பவனுடையவை அல்ல.

தன் கூட்டத்தில் பத்துப் பேரும் அடுத்த தெருவில் நூறு பேரும் கூடிய நாளில், ஊழியர் முழங்காலில் நின்று அந்த நூறு பேருக்காக நன்றி சொல்ல முடிகிறதா? அவருடைய ஊழியம் யாருடையது என்பதற்கு அந்த இரவின் ஜெபமே சாட்சி.