வீட்டோடு கடை: உடம்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்



கடை ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருப்பவருக்குக் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்ததும் அன்றைய வேலை முடிந்துவிடும். நம்மில் பலருக்கு அந்த வசதி இல்லை. முன்பகுதி கடை, பின்பகுதி வீடு. அல்லது கீழே கடை, மாடியில் குடித்தனம். விடியற்காலையில் பால் பாக்கெட் கேட்டு வருபவரின் குரலில் கண் விழிக்கிறோம். இரவு ஷட்டரை இறக்கிய பிறகும், "அண்ணாச்சி, ஒரு கொசுவத்தி" என்று பக்கத்துக் கதவு தட்டப்படுகிறது. இப்போது கைப்பேசியில் வாட்ஸ்அப் பட்டியல் வேறு வந்துகொண்டே இருக்கிறது.

வாடகை மிச்சம், போக்குவரத்துச் செலவு மிச்சம் என்று வரவைப் பார்க்கும் நாம், இதில் உடம்பு கொடுக்கும் விலையைப் பற்று எழுதுவதே இல்லை. இம்மாதப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

நட்டம் எங்கே ஏற்படுகிறது?

முதலாவது, சாப்பாடு. அடுக்களை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் காலைச் சாப்பாடு 11 மணிக்கு, பகல் சாப்பாடு 4 மணிக்கு என்று ஆகிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் சோறு ஆறிப் போயிருக்கும். அவசரமாக விழுங்கிவிட்டு மறுபடி கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இரண்டாவது, கொறித்தல். கைக்கெட்டும் தூரத்தில் மிக்சர், பிஸ்கட், கடலைமிட்டாய். இடையிடையே சர்க்கரை போட்ட டீ. நாம் கடையில் எடுத்துத் தின்பது சரக்குக் கணக்கிலும் வருவதில்லை, சாப்பாட்டுக் கணக்கிலும் வருவதில்லை. உடம்பு மட்டும் ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, ஒரே நிலையில் இருத்தல். கல்லாவில் இருப்பவர் நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கிறார். தராசருகில் நிற்பவர் நின்றுகொண்டே இருந்து கால் நரம்பு சுருட்டிக்கொண்டு அவதிப்படுகிறார்.

நான்காவது, தண்ணீர். கடையை விட்டு எழ முடியாது என்பதற்காகவே பலர், குறிப்பாகக் கடையைக் கவனிக்கும் நம் வீட்டுப் பெண்கள், தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரையும் அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு இது வழி வகுக்கும்.

ஒருவர் கட்டிய விலை

நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவருக்கு அட்டைப் பெட்டியிலிருந்து விழுந்த பின் ஒன்று காலில் குத்தியது. கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு அது தெரியவே இல்லை. புண் பழுத்து மருத்துவரிடம் போனபோதுதான் நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருந்திருப்பது தெரிந்தது. ஒரு விரலை எடுத்தார்கள். கடை 40 நாள் மூடிக் கிடந்தது. "அரைமணி நேரம் எழுந்தால் வியாபாரம் போய்விடும் என்று 20 வருடம் பயந்தேன், கடைசியில் 40 நாள் போயிற்று" என்று அவரே சொல்வார்.

இது அவர் ஒருவர் கதையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாகக் கணக்கிடப்பட்டது.

முதலாளிக்கு யார் ஓய்வு தருவது?

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியரைத் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். 2021-இல் வந்த திருத்தம், அவர் உட்கார இருக்கையும் தர வேண்டும் என்கிறது. ஊழியருக்கு இவற்றைத் தரும் நாம், நமக்கு நாமே தருவதில்லை. முதலாளிக்கு மேலே முதலாளி இல்லாததால், அவருடைய ஓய்வை அவரேதான் எழுதி வைக்க வேண்டும்.

பழக்கத்தை வேலையோடு முடிச்சுப் போடுவோம்

"நாளை முதல் நடப்பேன்" என்ற உறுதி நான்கு நாள் கூட நிற்பதில்லை. ஆனால் கடை திறந்ததும் ஊதுபத்தி ஏற்ற நாம் மறப்பதில்லை. தினமும் தவறாமல் நடக்கும் வேலையோடு புதுப் பழக்கத்தைச் சேர்த்துவிட்டால் அதுவும் மறக்காது.

1. கடை திறக்குமுன் நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் போதும். சேர்ந்தாற்போல் முடியாவிட்டால் 10 நிமிடமாக மூன்று முறை நடக்கலாம்.

2. பகல் சாப்பாட்டுக்குப் பலகை. "பகல் 2 முதல் 3 வரை கடை இல்லை" என்று எழுதித் தொங்கவிடுவோம். வாடிக்கையாளர் பத்து நாளில் பழகிக்கொள்வார். சாப்பிட்டதும் 10 நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

3. கல்லா அருகே தண்ணீர்ச் செம்பு. மிக்சர் டப்பா தூர அலமாரிக்குப் போகட்டும். எடுத்துத் தின்றால் காசைக் கல்லாவில் போட்டுவிட்டுத் தின்போம். கை தானாகக் குறையும்.

4. ஒவ்வொரு பெரிய பட்டியல் முடிந்ததும் இடம் மாற்றம். உட்கார்ந்திருப்பவர் எழட்டும், நிற்பவர் உட்காரட்டும்.

5. இரவுக் கணக்கு முடிந்ததும் கைப்பேசியைக் கடைப்பக்கமே வைத்துவிடுவோம். பட்டியலுக்குக் காலையில் பதில் சொன்னால் போதும்.

ஆண்டுக்கு ஒரு இருப்புக் கணக்கு

சரக்கு இருப்பு எடுக்கும் நாளையே உடம்புச் சோதனைக்கும் நாளாக வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், அல்லது இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், மருத்துவரைப் பார்ப்பதை ஒத்திப்போடக் கூடாது. சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. கடையை விட்டு நகர முடியாது என்ற சாக்கும் செல்லாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து இவற்றைச் சோதிக்கிறார்கள்.

இம்மாதப் பயிற்சி

ஐந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடையில் தொங்கும் காலண்டரில், செய்த நாளுக்கு ஒரு கோடு போடுவோம். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்வோம். மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிப் பார்ப்போம். 20 இருந்தால் அடுத்ததைத் தொடங்கலாம்.

சரக்கு தீர்ந்தால் கொள்முதல் செய்துகொள்ளலாம். உடம்புக்கு அப்படி ஒரு மொத்த விற்பனைக் கடை கிடையாது.