முதல் நாளே ஏற்றிவிடுங்கள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏ.எல். எழுதிவிட்டு, கணினிப் பாடநெறி ஒன்றும் முடித்து, வெப் டெவலப்பர் வேலைக்குக் கொழும்புக்கு விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சுயவிவரத்தில் சான்றிதழ்களுக்கு மேலே, தொட்டால் திறக்கும் ஓர் இணைப்பு இருக்கட்டும். ‘ரியாக்ட் தெரியும்’ என்று யாரும் எழுதலாம். நேர்முகம் நடத்துபவர் தன் போனிலேயே திறந்து பார்க்கும் ஆப்பை, செய்தவரால்தான் காட்ட முடியும்.

பலர் தடுக்கி விழுவது இணையத்தில் ஏற்றும் கட்டத்தில். மாதக்கணக்கில் மடிகணினியில் ஒழுங்காக ஓடியது, ஏற்றிய அன்று வெள்ளைத் திரையாக நிற்கும். எங்கே பிழை என்று தேடவே தெம்பு இருக்காது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். சொந்தமாக ஒரு வரி எழுதுமுன், வெறும் டெம்ப்ளேட்டை அப்படியே ஏற்றிவிடுங்கள். அப்போது வரும் பிழை அமைப்பில்தான் இருக்கும். உங்கள் கோடைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அந்த டெம்ப்ளேட்டை உருவாக்க, பழைய யூடியூப் பாடங்கள் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்று தொடங்கும். 2016இல் வந்த அந்தக் கருவியைப் புதிய ஆப்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025 பெப்ரவரியில் ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது. இவான் யூ 2020இல் வெளியிட்ட ‘வீட்’டை எடுங்கள். நோட் ஜேஎஸ்ஸின் எல்டிஎஸ் பதிப்பை நிறுவி, டெர்மினலில் ‘என்பிஎம் கிரியேட் வீட்’ கொடுத்தால் கேள்வி கேட்கும். ரியாக்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்று தெரிவு செய்யுங்கள். பிறகு உருவான போல்டருக்குள் போய் ‘என்பிஎம் இன்ஸ்டால்’, ‘என்பிஎம் ரன் டெவ்’. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 5173இல் ஆப் நிற்கும். இன்ஸ்டால் டேட்டாவைத் தின்னும். இரவு நேர டேட்டா இருந்தால் அதில் செய்யுங்கள். சும்மா சும்மா ‘நோட் மாட்யூல்ஸ்’ போல்டரை அழித்துத் திரும்ப இறக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு கிட்ஹப் பேஜஸ் போதும். ரெப்போ பப்ளிக்காக இருந்தால் காசு இல்லை. கோடும் ஆப்பும் ஒரே இடத்தில் இருப்பதால் வேலை கொடுப்பவர் இரண்டையும் பார்ப்பார். ‘வீட்’டின் வழிகாட்டியிலேயே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கான பைல் தயாராக இருக்கிறது. அதை ரெப்போவில் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸின் மூலமாக ஆக்‌ஷன்ஸைத் தெரிவு செய்யுங்கள்.

வெள்ளைத் திரை வருவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் முகவரி பயனர்பெயர், கிட்ஹப் ஐஓ, சாய்கோடு, ரெப்போ பெயர் என்று முடியும். ‘வீட்’டோ, ஆப் முகவரியின் வேரிலேயே இருப்பதாக எண்ணி ஜாவாஸ்கிரிப்ட் பைலை அங்கே தேடும். அங்கே பைல் இல்லை. எஃப்12ஐ அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் 404 என்று சிவப்பில் தெரியும். வீட் கான்பிக் பைலில் ‘பேஸ்’ என்ற இடத்தில் ரெப்போ பெயரை இரு பக்கமும் சாய்கோட்டுடன் எழுதினால் தீர்ந்தது. இன்னொன்று, பைல் பெயரின் பெரிய எழுத்து சின்ன எழுத்து. விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. ஆக்‌ஷன்ஸ் ஓடும் லினக்ஸ் விடாது, பில்டே உடையும். வீட் என்ற முன்னொட்டோடு என்வ் பைலில் வைக்கும் மதிப்புகள் பில்டில் கலந்து எல்லோருக்கும் தெரியும் என்பதால் இரகசியச் சாவி எதையும் அங்கே வைக்கக் கூடாது.

இனி என்ன ஆப் செய்வது? செய்து அலுத்த டூ-டூ லிஸ்ட் வேண்டாம். டெம்ப்ளேட்டில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்த அழுத்த எண் கூடும். அதையே கொழுந்துக் கணக்காக மாற்றுங்கள். காலை, பகல், மாலை நிறுவைக்கு மூன்று பெட்டி, கழிக்கும் கிலோவுக்கு ஒன்று, அன்றைய மொத்தம். முழுப் பேரா (முழுநாள் சம்பளமா) அரைப் பேரா என்று கொழுந்து பறிக்கும் அம்மா அன்றே தெரிந்துகொள்ளலாம். பேருக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் என்பதால் அந்த எண்ணைக் கோடில் பதிக்காமல் பயனரே மாற்றும்படி விடுங்கள். இறப்பர் பால் கணக்கும் இப்படியே.

இதைச் செய்யும்போது 12, 9, 7 கிலோவைக் கூட்டினால் 28க்குப் பதிலாக 1297 என்று காட்டும். பெட்டியில் தட்டியது எழுத்தாக வந்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ‘நம்பர்’ கொண்டு எண்ணாக மாற்றிக் கூட்ட வேண்டும். நேர்முகத்தில் ‘என்ன சிக்கல் வந்தது?’ என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். செய்து பார்த்தவர் என்பது உடனே விளங்கும். கணக்கை லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்தால் சர்வர் தேவையில்லை. அது அந்தப் போனின் அந்த பிரவுசரில் மட்டும்தான் இருக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஆட்களின் உண்மைப் பெயரோ செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) நம்பரோ ரெப்போவுக்குள் போகவே கூடாது.

தமிழையும் ஒழுங்காக வையுங்கள். டெம்ப்ளேட்டின் இன்டெக்ஸ் பைலில் மொழி ஆங்கிலம் என்றிருக்கும். அதைத் தமிழுக்குரிய ‘டிஏ’ ஆக்குங்கள். பாமினியில் தட்டிய பழைய டொக்யுமெண்ட்டிலிருந்து வரிகளை ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றியே போட வேண்டும்.

விண்ணப்பத்தில் இணைப்பைச் சேர்க்குமுன் அதை வீட்டிலுள்ள வேறொருவரின் போனில், வைஃபை இல்லாமல், கிட்ஹப்பில் லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் அனுப்புங்கள்.