பழைய கணினிக்கும் வில்லங்கம் பார்த்தல் வேண்டும்

நிலம் வாங்குவோர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. உழவு மாடு வாங்குவோர் பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கென்று பழைய மடிக்கணினி வாங்கும்பொழுது மட்டும், திரை தெளிவாக இருக்கிறதா, பாட்டுக் கேட்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

அச்சங்குளத்தில் நம் அங்கத்தினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். தறிக்கூலியில் மிச்சம் பிடித்த 16,000 ரூபாயைக் கொடுத்து, மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஒரு கணினி வாங்கினார். இரண்டு மாதம் குறைவின்றி ஓடிற்று. பிறகு ஏதோ கோளாறு என்று, உள்ளிருந்ததை அழித்துப் புதிதாக அமைக்க முற்பட்டபொழுது, முன்பின் அறியாத ஒரு கம்பெனியின் பெயர் திரையில் தோன்றி, அக்கம்பெனி ஊழியரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டது. விற்றவரின் தொலைபேசி எடுபடவில்லை. பரீட்சை நெருங்கிய சமயம் அது.

சாதாரணக் கடவுச்சொல் கணினியின் வட்டில் இருப்பது. வட்டை அழித்தால் அதுவும் போய்விடும். உரிமைப் பூட்டோ அவ்வாறன்று. கணினியின் அடையாள எண்ணோடு சேர்த்து, அது தயாரிப்பாளரின் பதிவேட்டில் தொலைவில் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்தால் வீட்டின் மேலுள்ள அடைமானம் தீருமா? கணினியைப் புதிதாக அமைக்கும்பொழுது இணையம் கிடைத்ததும், அது அப்பதிவேட்டைக் கேட்டு, பழைய உடைமையாளரின் பெயரைச் சொல்லிவிடும். விண்டோஸில் ஆட்டோபைலட் என்னும் ஏற்பாடு இத்தகையது. இணையமின்றி அமைத்துக் கொடுத்தால் பூட்டு வெளியே தெரியாது. நம் அங்கத்தினர் ஏமாந்த இடம் இதுவே.

ஆகையால் பரிசோதனை ஒன்றே முக்கியம். விற்பவரைக் கொண்டே, நம் கண்ணெதிரில், கணினியை முழுவதும் அழிக்கச் செய்து, நம் கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, முதலிலிருந்து அமைத்து முடிக்கச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். "அவசரம், வேறொருவர் காத்திருக்கிறார்" என்று சொல்லும் வியாபாரியிடம் நாமும் அவசரமாக எழுந்து வந்துவிடலாம். இடையில் வேறு எவருடைய கணக்கையேனும், ஒரு நிறுவனத்தின் பெயரையேனும் திரை காட்டினால், எத்தனை மலிவாயினும் வேண்டாம்.

ஆப்பிள் கணினிகளில் 2018 முதல் வந்த பெரும்பாலான மாக்புக்குகளுக்கு இப்பூட்டு உண்டு. அழிப்பதற்கு முன்பே, சிஸ்டம் இன்பர்மேஷன் பக்கத்தில் ஹார்டுவேர் பகுதியைத் திறந்தால், ஆக்டிவேஷன் லாக் என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே டிஸேபிள்டு என்றிருத்தல் வேண்டும். எனேபிள்டு என்றிருந்தால், விற்பவர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து அங்கேயே விடுவிக்கட்டும். அவரால் இயலாதாயின், கணினி அவருடையது தானா என்று ஐயுறுதல் நியாயமே.

மற்றொரு பூட்டு பயாஸில் இருப்பது. கணினியை ஏற்றும்பொழுதே எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தினால் அப்பகுதி திறக்கும். கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். அங்கே கடவுச்சொல் கேட்டால் கவனம் தேவை. லெனோவோ திங்க்பேடில் மேலாளர் கடவுச்சொல் மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பது அக்கம்பெனியே சொல்லும் வழி. மாட்டின் விலையைவிடக் கயிற்றின் விலை கூடிவிடும்!

களவுபோன கைப்பேசிகளைத் தடுக்க மத்திய அரசின் பதிவேடு 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. அது கைப்பேசிகளுக்கு உரியது, கணினிகளுக்கு உதவாது. சட்டமும் வாங்குபவருக்குப் பெரிதும் துணை நிற்பதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, தனக்கில்லாத உரிமையை ஒருவர் பொதுவாகப் பிறருக்கு விற்க முடியாது. களவுப் பொருளென்று அறிந்தோ, நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குவது, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவில் குற்றமாகும். அரசு முத்திரையுள்ள மாணவர் கணினிகளும் விலைக்கு வருவதுண்டு. பள்ளி அறைகளிலிருந்தே அவை திருடுபோன சம்பவங்கள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. யாருக்கு வழங்கப்பட்டது என்று கேட்காமல் அவற்றைத் தொடுதல் உசிதமன்று.

கணினியின் அடியிலுள்ள வரிசை எண்ணும் பயாஸ் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்து, அவ்வெண்ணையும் விற்றவர் பெயரையும் முகவரியையும் ரசீதில் எழுதி வாங்கிய பின்னரே பணம் கொடுக்க வேண்டும். முன்பே வாங்கிப் பூட்டில் அகப்பட்டவர்கள், "திறந்து தருகிறோம்" என்போரிடம் மேலும் பணம் இழக்காமல், திரையில் தோன்றும் நிறுவனத்துக்கு ரசீதின் நகலோடு எழுதலாம். விற்றுக் கழித்த கணினியைப் பதிவேட்டிலிருந்து நீக்க மறந்திருந்தால், அவர்களே நீக்கித் தர முடியும்.