நன்றாக இருக்கும்போதே கூட்டிப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாய்க்குட்டி வந்ததிலிருந்து வீடே கலகலப்பாக இருப்பதாக எழுதியிருந்தாய். ஜூலை 6ஆம் தேதி கால்நடை மருத்துவமனையில் போடும் முகாமுக்கு அதைக் கூட்டிப் போகப் போவதாகவும், அன்றைக்கே அதற்கு ஒரு விழா மாதிரி எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் எப்படி எடுப்பது என்று சொல்ல ஆரம்பித்தால் கடிதம் நீளும். பொறுமையாகப் படி.

முதலில் அந்தத் தேதியைப் பற்றி. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானியிடம் ஜோசப் மெய்ஸ்டர் என்ற பையனை அவன் தாய் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு 9 வயது, உன்னைவிடச் சின்னவன். வெறிநாய் உடம்பெல்லாம் கடித்திருந்தது. அதுவரை மனிதருக்கு முறையாகப் போட்டுப் பார்த்திராத தடுப்பு மருந்தை அவனுக்குப் போட்டார்கள். பையன் பிழைத்தான். அந்த நாளைத்தான் விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களைப் பற்றிய விழிப்புணர்வு நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் அதையொட்டி வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போடுவது வழக்கம். அந்த 1885இல் நம் காரைக்காலும் பாரிஸும் ஒரே பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தன.

நம் நாட்டுக்கு அந்த மருந்து வந்து சேர்ந்த கதை வருத்தமானது. தொடக்கத்தில் இமயமலைப் பக்கம் கசௌலியில்தான் அதற்கென ஒரு நிலையம் இருந்தது. தெற்கே கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனாள். அந்த இழப்புதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பியது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். உன் தாத்தா காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயமுறுத்துவார்களே, அது செம்மறி ஆட்டின் மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. இப்போது அது வழக்கில் இல்லை. அரசு மருத்துவமனையில் மேல்கையில் தோலுக்குள்ளேயே சிறிதளவு போடுகிறார்கள்: முதல் ஊசி அன்றைக்கே, பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. அவ்வளவுதான். காசு வாங்குவதில்லை.

வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்றே வைத்துக்கொள். வராமல் தடுப்பதோ மிகச் சுலபம். இப்படிப்பட்ட நோயில் ஒரு பிள்ளைகூடச் சாகக்கூடாது. ஆனால் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஏன் தெரியுமா? பிள்ளைகள்தான் நாயோடு விளையாடுகிறார்கள். கடித்தால் அம்மா திட்டுவாள், நாயை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து மறைத்துவிடுகிறவர்களும் அவர்கள்தான். இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: மறைக்காதே. குட்டிதானே, பால்பல்தானே, லேசான கீறல்தானே என்று விட்டுவிடாதே. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

கடித்தாலும் கீறினாலும் உடனே குழாயடிக்குப் போ. சோப்புப் போட்டு நுரை வரத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் முழுதாகக் கால்மணி நேரம் கழுவு. 15 நிமிடம் என்பது நீ நினைப்பதைவிட நீளமான நேரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவச் சொல்வேன். வெறிநோய்க் கிருமியின் மேல் ஒரு கொழுப்புறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைக் கொல்லும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வைக்க விடாதே. இறுக்கிக் கட்டவும் கூடாது. கழுவிய கையோடு ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால், ஊசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் செலுத்த வேண்டும். டாக்டரிடம் அதையும் கேட்கச் சொல்.

உன் குட்டிக்கு மூன்று மாதம் நிறையும்போது வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் நாளில் ஒரு தவணை, அதன்பின் ஆண்டுக்கொரு முறை. அதற்கு முன்பே, ஆறிலிருந்து எட்டு வாரத்தில், பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டு ஊசி தொடங்கியிருக்க வேண்டும். பார்வோ வந்த குட்டி இரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளிலேயே போய்விடலாம். ஊசித் தவணை முடியும்வரை தெருமண்ணில், அதுவும் மற்ற நாய்கள் கழித்த இடத்தில், குட்டியை விடாதே.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் பொதுவான புத்தகத்தில் இருக்காது.

ஆனி பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. புனிதவதியார் காரைக்கால் அம்மையார் ஆன கதை உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். அன்று சாயங்காலம் தெரு முழுக்க மாங்கொட்டை. நாய்க்கு அந்த இனிப்பு வாசனை பிடிக்கும். நக்கி நக்கிக் கடைசியில் கொட்டையையே விழுங்கிவிடும். அது வயிற்றில் செரிக்காது. நழுவிப் போய்ச் சிறுகுடலில் அடைத்துக்கொள்ளும். நாய் முதலில் வாந்தி எடுக்கும். பிறகு தின்பதை நிறுத்தும். வயிற்றைத் தொட்டால் முனகும். குடித்த தண்ணீரும் வெளியே வந்துவிடும். ‘விழாவில் எதையோ தின்று அஜீரணம்’ என்று வீட்டில் மோரும் ஓமத்தண்ணீரும் கொடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குள் குடல் கறுத்துப் போயிருக்கும். முதல் நாளே வந்தால் வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்துவிட்டுத் தைத்து அனுப்பலாம். ஆகவே திருவிழா முடியும்வரை உன் குட்டி வீட்டுக்குள் இருக்கட்டும். மறுநாள் காலை உங்கள் வாசலில் கிடக்கும் கொட்டைகளை நீயே பொறுக்கிப் போடு. தெருநாய்களுக்கும் அது நன்மைதான்.

அடுத்தது கடற்கரை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கமெல்லாம் வலையை உதறும்போது வேண்டாத மீனை மணலில் எறிந்துவிடுவார்கள். அதில் பேத்தை மீன் இருக்கும். தொட்டால் பலூன் மாதிரி உப்பும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் கொடிய விஷம். காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. மாற்று மருந்தும் இல்லை. தின்ற நாய்க்கும் பூனைக்கும் கால்கள் துவளும், பிறகு மூச்சு நின்றுவிடும். கடற்கரையில் குட்டியைக் கயிற்றிலிருந்து அவிழ்க்காதே. தூண்டில் முள் வாயில் குத்தியிருந்தால், அல்லது நைலான் நரம்பு வாயிலிருந்து தொங்கினால், பிடித்து இழுத்துவிடாதே. முள்ளில் பின்பக்கம் நோக்கிய ஒரு கொக்கி இருக்கிறது. இழுத்தால் சதையோடு கிழியும். நரம்பைத் துண்டிக்காமல், நாயை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு போ.

நெல் விளையும் ஊர் என்பதால் எலியும் உண்டு, எலி விஷமும் உண்டு. வரப்பில் வைத்த விஷத்தை நாய் நேராகவும் தின்னும், செத்த எலி மூலமாகவும் தின்னும். விஷப் பொட்டலத்தின் உறையை எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு எந்த மருந்து என்று உடனே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். தேங்கிய தண்ணீரை அது குடிக்காமல் பார்த்துக்கொள்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை நாய்க்கு ஆகாது. பிரியாணிச் சோறு போடுகிறவர்கள் அதில் எவ்வளவு வெங்காயம் இருக்கிறது என்று யோசிப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடப் போகிறார்கள்; ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணிக்குப் போடும் சில மருந்துகளும் பூனைக்கு விஷம்தான். மனிதர் மாத்திரை எதுவும் மருத்துவரைக் கேட்காமல் மிருகத்தின் வாய்க்குள் போகக்கூடாது.

நீ தினமும் செய்ய ஒரு வேலை தருகிறேன். சாயங்காலம் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பார். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரல் நுனியால் ஓர் இடத்தை அழுத்தி எடு. வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், அல்லது ஈறே வெளுத்திருந்தால், மறுநாள் வரை காத்திருக்காதே. அப்படியே காதுமடலின் உட்பக்கம், கழுத்துப்பட்டையின் அடி, கால்விரல் இடுக்கு மூன்றையும் தடவிப் பார். உண்ணி அங்கேதான் ஒளியும். கிடைத்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. நகத்தால் நசுக்காதே. உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் வற்றி ஈறு வெள்ளையாகும் நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; முன்னதாக வந்தவை மாத்திரையிலேயே தேறிவிட்டன.

இந்தப் பழக்கத்தால் இன்னொரு பலன். வாயைத் தொட, காதைத் தொட, காலைத் தூக்கக் குட்டி பழகிவிடும். மருத்துவமனை மேசையில் அதே கைகள் வரும்போது மிரளாது. பெரும்பாலான நாய்கள் டாக்டரைக் கண்டு நடுங்குவது, வலியோடு வந்த நாளில் மட்டுமே அவரைப் பார்ப்பதால்தான். நன்றாக இருக்கும்போதே கூட்டிப் போ. எடை பார்த்துவிட்டு, அங்கே இருப்பவர்கள் கையால் ஒரு பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பட்டும். உன் விழாவுக்கு நான் சொல்லும் யோசனையும் இதுதான்.

முகாமன்று கேக் வேண்டாம். குங்குமம், கலர்ப்பொடி, கழுத்தை இறுக்கும் மாலை, வெடி எதுவும் வேண்டாம். குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போ. குடிக்கக் கிண்ணமும் தண்ணீரும் எடுத்துக்கொள். மேசை வழுக்கும், விரிக்க ஒரு பழைய துண்டு வேண்டும். குட்டி உதட்டை நக்கினால், கொட்டாவி மேல் கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்த்தால், அதற்குப் பயம் என்று அர்த்தம். கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்து. பூனை கொண்டுவரும் தோழியிடம் மூடியுள்ள கூடையில் கொண்டுவரச் சொல். கையில் தூக்கி வந்த பூனை ஒரு நாய் குரைத்தாலே கீறிவிட்டு ஓடிவிடும். பிறகு ஊரெல்லாம் தேட வேண்டும்.

உங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் நாயையும் விட்டுவிடாதே. அதற்குச் சோறு வைத்துப் பழகிய பெரியவர் யாராவது இருப்பார். அவரிடம் சொல்லிக் கூட்டிவரச் செய். உன் குட்டிக்கு மட்டும் ஊசி போட்டால் உன் வீடு மட்டும்தான் பத்திரம். தெருவில் பத்து நாயில் ஏழுக்காவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய் அங்கே பரவ வழியில்லாமல் போகும்.

பள்ளியில் பேசச் சொன்னார்கள் என்றாயே, இந்த ஒரு செய்தியைச் சொல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காத்துச் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல் அது. அவன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றதாம். அதன் பெயரும் செயலும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஒரு நாயின் பெயரை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். பிற்காலத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் மிருகவதைக்கு எதிராக மசோதா கொண்டுவந்ததும், அதன் தொடர்ச்சியாக 1960இல் சட்டம் வந்ததும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் நம் தமிழ்நாட்டுப் பெண்மணி, பரதநாட்டியக் கலைஞர்.

முகாம் முடிந்து வரும்போது ஊசி அட்டையைக் கேட்டு வாங்கு. குட்டியின் பெயர், ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த தேதி நான்கும் அதில் இருக்கிறதா என்று நீயே படித்துப் பார். அடுத்த தேதியை உங்கள் வீட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டு, அது எந்த நாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா